நீ அனுப்பிய கேள்வித்தாள்

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நோயாளிப் பிள்ளைகளின் குடும்பங்களிடம் கேட்க நீ தமிழாக்கி அனுப்பிய கேள்விகளைத் தம்பியின் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்து முடித்தேன். பிலடெல்பியாவில் ஆன் கசாக் என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் உண்டாக்கியது, கடும் நோயில் இருக்கும் பிள்ளையின் தாயோ தகப்பனோ 10 நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்றாய். அதை வைத்து, யாருக்கு எவ்வளவு மன ஆதரவு தேவை என்று குடும்பங்களை மூன்று படியாகப் பிரிப்பீர்களாம். பெரும்பாலானவர்களுக்குப் பொதுவான கவனிப்பே போதும், சிலருக்குக் கூடுதல் உதவி, மிகச் சிலருக்கு மனநல நிபுணர். நல்ல கணக்குத்தான். ஆனால் உன் தமிழில் கேட்டால் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள் எல்லோரும் முதல் படியிலேயே வந்து நிற்பார்கள்.

‘சமூக ஆதரவு உள்ளதா’ என்றால் அரசாங்க நிவாரணப் பண விசாரணை என்று நினைத்துவிடும் நம் சனம். ‘பணக்கஷ்டம் உண்டா’ என்றால் “சமாளிப்போம் மிஸ்” என்பதுதான் பதில். ஆஸ்பத்திரி இலவசம், சரி. பஸ்ஸுக்கு யார் கொடுப்பது? இந்த மாதம் எத்தனை நாள் வேலைக்குப் பேர் போட்டார்கள் என்று கேள். தோடு காதில் இருக்கிறதா, அடகில் இருக்கிறதா என்று பார்.

தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் என்பதை டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அம்மா தலையாட்டினாள். மூன்று நாள் கழித்துப் பக்கத்துக் கட்டில்காரி சொல்லித்தான் விளங்கியது. ‘இந்த நோய் ஏன் வந்ததென்று நினைக்கிறீர்கள்’ என்று நீயாக ஒன்று சேர்த்திருக்கிறாயே, அதை எடுத்துவிடாதே. அவன் வயிற்றில் இருந்தபோது மருந்தடித்த மலையில் கொழுந்து பறித்ததால்தான் வந்தது என்று அம்மா உள்ளுக்குள்ளே வைத்திருந்தாள். என்னிடமே சொன்னது அவன் சுகமான பிறகுதான்.

கூடப்பிறந்த பிள்ளைகளைப் பற்றிய பக்கத்தில்தான் நின்றுவிட்டேன். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு. நான் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைப்பாய். கெட்டிக்காரி என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீ வகுப்பில் தூங்குகிறாய், யாரோடும் பேசுவதில்லை என்று டீச்சர் ஆள் அனுப்பிச் சொன்னார். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் ரொட்டி சுட்டாய்.

‘மற்றப் பிள்ளைகளிடம் மாற்றம் தெரிகிறதா’ என்பதற்கு அன்று நான் ‘இல்லை’ என்றுதான் புள்ளடி போட்டிருப்பேன். அதனால் இப்படிக் கேள்: வீட்டில் அடுப்பு மூட்டுவது யார், அதற்கு எத்தனை வயது? அப்பாமாரிடமும் கேள். வார்டில் நிற்பது தாய்மார்தான் என்பதால் எங்களை யாரும் கேட்பதில்லை.

தம்பி ஓட்டோவுக்குப் புது டயர் போட்டிருக்கிறான். சித்திரைக்கு வரும்போது ஹட்டனில் இறங்கிப் போன் எடு, வருவான். அந்தத் தாளில் இரண்டு கொண்டுவா. பழையதை நினைத்து நிரப்பித் தருகிறோம், அம்மா தனியாக, நான் தனியாக.

அப்பா