புகைபோக்கியைக் குட்டையாக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வகமும் அலுவலகமும் சேர்ந்த புதிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கிடைத்த செய்தியைப் படித்தேன். ஆராய்ச்சிக்கு இடம் கிடைப்பதில் மிக்க மகிழ்ச்சி. ஆனால் முகப்பின் அழகையும் வாகன நிறுத்தத்தையும் பற்றியே பேச்சு நடந்திருப்பது கவலை தருகிறது.

அலுவலகத்தில் குளிரூட்டிய காற்றையே மீண்டும் சுழலவிடலாம். வேதியியல் ஆய்வகத்தில் அது கூடாது. அங்கே மணிக்கு 6 முதல் 12 முறை வரை காற்று மாற வேண்டும்; நச்சாவியை உறிஞ்சும் பெட்டிகளின் காற்று முழுவதும் கூரைக்கு மேலே வெளியேற வேண்டும். அதை வெளியேற்றும் புகைபோக்கி கூரையிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். கண்ணை உறுத்துகிறதென்று அதைக் குட்டையாக்கி மறைப்புச் சுவர் எழுப்பினால், வெளியேறிய ஆவி காற்று உள்வாங்கும் திறப்பு வழியாகப் புகுந்து, அடுத்த தளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவரின் மேசைக்கே வந்துவிடும். கட்டி முடித்த பிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு. வரைபட நிலையிலேயே கவனிக்கலாமே!

காற்றோட்ட ஆய்வறிக்கையையும், அமிலக் கழிவுநீர் எந்தக் குழாயில் போகிறது என்ற விவரத்தையும் அக்கம்பக்கத்தார் பார்வைக்கு வைத்த பின்பே அடித்தளம் தோண்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்