ஐந்து ஊர்களுக்கு மீண்டும் செல்லுங்கள்: ஒரு திறந்த மடல்

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறைப் பேராசிரியர்களுக்கும், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கும், மாநிலத் திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ‘இந்தியப் பொருளியல்’ என்னும் பாடத்துக்கான முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, மக்கள் என்ன உண்கிறார்கள் என்றெல்லாம் அவரவர் ஊரிலேயே விசாரித்து எழுதி வரச் சொன்னார். அப்படி எழுதப்பட்ட ஊர்களுள் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம், நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் ஆகிய ஐந்தும் இந்தியப் பொருளியல் ஆய்வில் நிலையான இடம் பெற்றவை. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் விளைபொருள் விலை வீழ்ந்து கடன் கழுத்தை நெரித்த 1930-களில் பொருளியலாளர்கள் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் ஊர்களை மறு ஆய்வு செய்தார்கள். பசுமைப் புரட்சிக்குப் பிந்தைய 1980-களில் எஸ். குகன் உள்ளிட்ட, அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் சென்றார்கள். 2008-இல் ஆய்வாளர்கள் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டுக்குச் சென்று, ஒரே நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊரில் அந்தப் பிடி தளர்ந்ததையும், நிலக்கிழாரிடம் கட்டுண்டு பண்ணை வேலை செய்யும் படியாள் முறை ஒழிந்ததையும், ஊருக்கு வெளியே கிடைக்கும் வேலை பெருகியதையும் பதிவு செய்தார்கள். ஒரே ஊரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தொடர்ந்து கவனித்த இத்தகைய ஆவணம் உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. ஐந்து ஊர்களிலும் அடுத்த சுற்றை ஒருசேரத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இது அவசரமாகச் செய்யப்பட வேண்டிய வேலை. 2021-இல் முடிந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 வரை தள்ளிப்போனதால், கிராமங்களைப் பற்றி நாம் எடுக்கும் முடிவுகள் இன்னும் 2011-ஆம் ஆண்டின் எண்களையே நம்பியிருக்கின்றன. அந்தக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள், மற்றவர்கள் கிராமவாசிகள். புதிய எண்கள் வந்தாலும் இந்தப் பிரிவினை இன்றைய குடும்பத்தைக் காட்டப் போவதில்லை என்பதே என் பெருங்கவலை.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் இன்று சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் வாய்மொழிக் குத்தகையில் ஒரு ஏக்கர் நெல் போடுகிறார். தாயார் நூறு நாள் வேலைக்குப் போய்ப் பழகியவர், மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார், குழுக்கடனுக்கு வாரத் தவணையும் கட்டுகிறார். மகன் சென்னையில் கட்டட வேலை செய்து, வாரக் கூலி கையில் வந்ததும் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறான். மகள் டிப்ளமோ முடித்து, திருப்பெரும்புதூர்ப் பக்கம் செல்போன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் வகையில் திறக்கப்பட்டதைப் போன்ற ஒரு விடுதியில் அவளுக்கு ஒரு கட்டில். கணக்கெடுப்பில் அவள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்துவிடுவாள். ஆனால் ஊரில் எழும்பும் மாடிக்கும், தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கும், அடகு வைத்த நகை மீட்கப்பட்டதற்கும் அவளுடைய சம்பளமே காரணம். அவள் பணம் அனுப்பத் தொடங்கிய பிறகு வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பு கூடியதா, திருமண வயது தள்ளிப்போனதா, வரதட்சணை குறைந்ததா, அல்லது அந்தச் சம்பளமே வரதட்சணைக்கான சேமிப்பாக மாறியதா என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பவரே அறிய முடியும்.

குத்தகையின் நிலையும் இதுதான். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்தது. இருந்தும் பெரும்பாலான குத்தகை இன்றும் வாய்ப்பேச்சில் நடப்பதால், நிலத்தில் உண்மையில் உழைப்பவரின் பெயர் ஆவணத்தில் இருப்பதில்லை. வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் பட்டாதாரரைத் தேடிச் செல்கிறது. ஃபெஞ்சல் புயலின்போது வெள்ளம் புகுந்த ஊர்களுள் இருவேல்பட்டும் ஒன்று. அங்கே இழப்பு யாருக்கு, இழப்பீடு யாருக்கு என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதினால், அந்த ஓர் ஊரின் பதிவே வருவாய்த்துறைக்குப் பெரிய பாடமாக இருக்கும். காவிரிப் படுகையில் வடமாநிலத் தொழிலாளர்கள் நடவுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். பாலக்குறிச்சியின் அடுத்த அறிக்கையில் அவர்களுக்கும் இடம் வேண்டும். சிப்காட் வந்துவிட்ட கங்கைகொண்டானில், அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் வளாகத்துக்குள் என்ன வேலை கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும்.

யாரை அனுப்புவது என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1916-இல் கல்லூரி வரை வர முடிந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் கல்வியும் கையிலிருந்த குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் நேர்மையாக எழுதினார்கள். ஆனாலும் சேரிக்குள் நின்று கேட்பதற்கும் தெருவில் நின்று கேட்பதற்கும் பதிலில் வேறுபாடு இருக்கும். இன்று படியாட்களின் கொள்ளுப்பேத்திகள் பட்டப்படிப்புக்கு வருகிறார்கள். அந்த ஊர்களையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட மாணவிகளையும் மாணவர்களையும் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் பயிற்சியும் கொடுத்து ஆய்வாளர்களாக அனுப்புங்கள். கேள்விகளை வகுப்பதிலும் அவர்களுக்குப் பங்கு கொடுங்கள். எதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அறிக்கை தமிழில் வெளிவர வேண்டும். இந்த ஊர்களைப் பற்றி எழுதப்பட்ட முதன்மையான அறிக்கைகள் ஆங்கிலத்தில் நூலகங்களில் இருக்கின்றன; தம் பாட்டன் வாங்கிய நெல் கூலி எவ்வளவு என்று அங்கே எழுதி வைத்திருப்பது இருவேல்பட்டு இளைஞருக்கு எட்டவில்லை. ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடும் மாநிலம் நம்முடையது. அவற்றுள் ஒரு நாளில் ஆய்வின் முடிவுகளை ஊரார் முன் படித்து, அவர்கள் மறுப்பதையும் திருத்துவதையும் அறிக்கையிலேயே சேர்த்து அச்சிடுங்கள். எந்த வீட்டின் கடனும் வருமானமும் அடையாளம் தெரியும்படி வெளியாகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சிறிய ஊரில் பெயரை மறைப்பது மட்டும் போதாது.

பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் இருப்பது யாவரும் அறிந்தது. ஐந்து ஊர்களுக்குச் சில ஆய்வாளர்களை ஓராண்டு அனுப்பும் செலவு, ஒரு நலத்திட்டத்தை விளம்பரப்படுத்தும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்கும் திட்டக் குழு இந்தச் செலவை ஏற்று, ஆய்வின் போக்கில் தலையிடாமல் இருக்க வேண்டும். 1980-களின் கேள்வித்தாள்களும் வீட்டுப் பட்டியல்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அடையாறு நிறுவனம் முதலில் பார்த்துச் சொன்னால், மறுஆய்வுக்கான அடிப்படை தயாராகிவிடும். கேள்வித்தாளைத் தமிழில் வரையவும் மாணவர்களுக்குக் களப்பயிற்சி அளிக்கவும் ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்கள் ஊதியமின்றி முன்வருவார்கள்; அவர்களுள் ஒருவனாக என்னையும் அழைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
சைதாப்பேட்டை, சென்னை.