தையல்சிட்டும் மூக்குத்திப் பூவும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்குக் கணுக்கால் பிசகி ஒன்றரை மாதமாக வெளி நடமாட்டம் இல்லை. ஜன்னலோரமே கதி. அதனால் இரண்டு பேரோடு நெருக்கமாகிவிட்டேன். ஒன்று தையல்சிட்டு. இன்னொன்று சுவரடியில் படர்ந்து கிடக்கும் மூக்குத்திப் பூ. சின்ன வயதில் முழங்கால் சிராய்த்தால் கசக்கிப் பிழிவோமே, அதே வெட்டுக்காயப் பூண்டு.

"அது பறப்பது, இது நிற்பது, இரண்டையும் எப்படி ஒப்பிடுவாய்?" என்று முன்பு கேட்டாய். கேள், சொல்கிறேன்.

சிட்டு கூடு கட்டியதைக் கிட்டத்தில் பார்த்தேன். பெண்சிட்டுதான் தைத்தது. அகன்ற இலையை வளைத்து, அலகு நுனியால் ஓரத்தில் துளையிட்டு, பஞ்சிழையை நுழைத்து இழுத்தது. முடிச்சு கிடையாது. வெளியே வந்த இழையின் நுனி பிரிந்து உப்பிக்கொண்டு, பொத்தான் மாதிரி பிடித்துக்கொள்கிறது. அத்தனை குத்துப் பட்டும் இலை வாடவில்லை, பச்சையாகவே தொங்கியது. மற்ற இலைகளோடு அதுவும் ஓர் இலை. அதற்குள் குடித்தனம் நடப்பது யாருக்குத் தெரியும்! பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு அது. குரலோ தெருக்கோடி வரை கேட்கும்.

பூண்டும் அப்படித்தான். உடம்பெல்லாம் தரையோடு கிடக்க, பூவை மட்டும் ஒரு சாண் காம்பில் தூக்கிப் பிடிக்கிறது. லென்ஸ் வைத்துப் பார், ஒரு பூ என்று நாம் நினைப்பது பூக்களின் கூட்டம். நடுவில் மஞ்சள் குழல்கள், சுற்றிலும் ஐந்தாறு வெளிர் இதழ்கள், ஒவ்வொரு இதழ் நுனியிலும் மூன்று பல்.

அப்புறம், நீ சொன்ன பறப்பது நிற்பது விஷயம். தையல்சிட்டு வலசை போகாது. வருஷம் முழுக்க அதே புதர், அதே மரம். பூண்டின் பூர்வீகமோ அமெரிக்காவின் வெப்பப் பகுதி. விதை ஒவ்வொன்றுக்கும் மென்மயிர்க் குஞ்சம் இருப்பதால் காற்றில் மிதந்து போகும். மனிதர்களோடு கடலும் தாண்டி வந்து, இன்று வெப்ப நாடுகளில் அது முளைக்காத சாலையோரம் அபூர்வம். இரண்டில் எது நாடோடி, எது வீட்டோடு இருப்பது, நீயே சொல்.

குஞ்சுகள் போன வாரம் பறந்துவிட்டன. தைத்த இலை இன்னும் கிளையில்தான் இருக்கிறது. அது உதிர்வதற்குள் பேரனைக் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய நண்பன்