17 ஆம் இலக்கக் காணித் துண்டின் உறுதி பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,
காணி விற்பனைப் பிரிவு.

ஐயா,

ஹாலிஎலப் பக்கம் உங்கள் நிறுவனம் துண்டு போட்டு விற்ற தேயிலைக் காணியில் 10 பேர்ச் வாங்கியவள் நான். பேர்ச் 150,000 ரூபாய்ப்படி 15 இலட்சம் ரூபாயையும் கட்டி முடித்து, உறுதி (காணிப் பத்திரம்) எழுதி, பதுளைக் காணிப் பதிவகத்தில் பதிவும் செய்தாகிவிட்டது. முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்று 59,000 ரூபாயும் என் கையால்தான் போனது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் காணியில் ஒரு அறை கட்ட வழியில்லை. நீங்கள் எழுதித் தந்த உறுதிதான் காரணம்.

உங்கள் விளம்பரத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நல்ல தமிழில் அச்சடித்திருக்கிறீர்கள்: சின்னக்கர (முழு உரித்துள்ள) உறுதி, தனித்தனித் துண்டுகள், 15 அடி ரோடு, வங்கிக் கடன் வசதி. காணி பார்க்க வந்த அன்று உங்கள் அலுவலர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே டேப் பிடித்து அளந்து காட்டினார். நான்கு மூலையிலும் சீமெந்துக் கல், ஒவ்வொரு கல்லிலும் சிவப்புப் பெயின்டில் 17. அம்மா அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். இந்தக் காணிக்குப் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் அவர்கள் இருவருடைய சேமலாப நிதி. மீதி என் சம்பளத்தில் சேர்த்தது.

உறுதியைச் சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் சிங்களம் பேசுவோம். ஆனால் உறுதியில் வரும் சட்டச் சிங்களத்தை வாசித்து விளங்கிக்கொள்வது வேறு விஷயம். கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தை வாசித்து விளக்க வேண்டியது நொத்தாரிசின் கடமை. அப்படி விளக்கியதாக உறுதியின் கடைசியில் அத்தாட்சியும் இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு வந்த நொத்தாரிசு எங்களுக்குச் சொன்னது, "எல்லாம் சரி, இங்கே ஒப்பம் வையுங்கள்" என்பது மட்டும்தான்.

கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது அவர்களுடைய சட்டத்தரணிதான் உறுதியின் அட்டவணையை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். 2 ஏக்கர் 1 ரூட் 20 பேர்ச் விஸ்தீரணமுள்ள காணியில் பிரிக்கப்படாத 10 பேர்ச் என்று எழுதியிருக்கிறது. அதாவது, ஏக்கருக்கு 160 பேர்ச், ரூட்டுக்கு 40 பேர்ச் என்று கணக்குப் பார்த்தால், 380 பேர்ச்சில் எனக்கு 38இல் ஒரு பங்கு. அந்தப் பங்கு எந்த மூலையில் என்று உறுதி சொல்லவில்லை. 17 என்ற எண் உறுதியில் எங்குமே கிடையாது. நில அளவையாளர் வரைந்த படத்தின் இலக்கமும் இல்லை. சட்டப்படி பார்த்தால் சிவப்புப் பெயின்ட் அடித்த அந்தக் கற்களுக்குள் இருக்கும் மண்ணில் மற்றப் பங்குக்காரர்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு. அவர்களுடைய துண்டுகளில் எனக்கும் உண்டு. நாளைக்கு ஒருவர் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால், நாங்கள் எல்லாரும் எதிராளிகளாகக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும். பிரிக்க முடியாது என்று கண்டால் முழுக் காணியையும் ஏலத்தில் விற்கும்படிகூட நீதிமன்றம் கட்டளையிடலாம். பங்குக் காணிக்குக் கடன் தர முடியாது என்று வங்கி கோப்பைத் திருப்பித் தந்துவிட்டது.

இதை உங்கள் அலுவலகத்தில் சொன்னபோது கிடைத்த பதில் என்ன தெரியுமா? "இங்கே எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுகிறோம். வேண்டுமானால் வாங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்து பிரிவிடல் உறுதி முடித்துக்கொள்ளுங்கள்." பிரித்துத் தருவதாகச் சொல்லித்தானே காசு வாங்கினீர்கள்? வாங்கியவர்களில் சிலர் கொழும்பில், சிலர் வெளிநாட்டில். அவர்கள் எல்லாரையும் தேடிப்பிடித்து ஒப்பம் வாங்குவது எப்படி என் வேலையாகும்?

அப்புறம் பிரதேச சபைக்குப் போய் விசாரித்தேன். இந்தக் காணியைத் துண்டாடும் வரைபடத்துக்கு அனுமதி எடுக்கவே இல்லை என்றார்கள். அனுமதி இல்லாத துண்டுக்கு வீட்டுப் படம் பாஸ் பண்ண மாட்டார்கள். ரோடும் அதே கதைதான். 15 அடி ரோடு 9 ஆம் துண்டு வரைக்கும் இருக்கிறது. அதற்கு மேலே கான் (வடிகால்) ஓரமாக ஆள் நடக்கிற வழிதான். உறுதியில் வழியுரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை.

இனி நான் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது, தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். 17 ஆம் துண்டுக்கு மேல் பக்கம் மலையை மெஷின் வைத்து வெட்டி, பத்தடிக்கும் அதிகமான உயரத்துக்குச் செம்மண்ணை அப்படியே விட்டிருக்கிறீர்கள். அணைச்சுவர் கிடையாது. மேலேயிருந்து வரும் தண்ணீருக்குக் கானும் வெட்டவில்லை. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன், வெட்டிய முகத்தில் தேயிலை வேர்கள் வெளியே தொங்குகின்றன, ஒரு எல்லைக் கல்லைச் சேறு பாதிக்கு மூடியிருக்கிறது. இது பதுளை மாவட்டம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன மாவட்டம். இங்கே வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு வேண்டும் என்பது காணி விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அப்படி ஒரு அறிக்கை எடுத்தீர்களா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. லயத்தில் பயந்து பயந்து மழைக்காலம் கழித்தவர்களை, காசு வாங்கிக்கொண்டு இன்னொரு மண்மேட்டுக்குக் கீழே குடிவைக்கப் பார்க்கிறீர்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காணியின் மூல உரித்துப் பற்றியும் ஒரு கேள்வி. நீங்கள் தந்த உரித்து அறிக்கை 1986இல் தொடங்குகிறது. இது பழைய தோட்டம் ஒன்றின் பகுதி. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்து மீதியைக் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்கு எடுத்தது. இந்தக் காணி அதில் அகப்படாமல் உரிமையாளருக்கே விடப்பட்டதா, பிறகு ஆணைக்குழு கைமாற்றியதா என்பதற்கான பத்திரத்தின் பிரதி எனக்கு வேண்டும்.

நான் கேட்பது இவைதான். துண்டாடல் வரைபடத்துக்குப் பிரதேச சபையின் அனுமதியையும், மண்சரிவு பற்றிய அறிக்கையையும் உங்கள் செலவில் எடுங்கள். வெட்டிய மலைக்கு அணைச்சுவரும் கானும் கட்டுங்கள். பிறகு 17 ஆம் துண்டை எல்லைகளோடும், படத்தின் இலக்கத்தோடும், ரோட்டின் வழியுரிமையோடும் காட்டி, எனக்கே தனியாக உரித்து வரும்படி உறுதி முடித்துத் தாருங்கள். மற்றவர்களின் ஒப்பம் தேவையென்றால் அதைப் பெறுவதும் உங்கள் பொறுப்பு. தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம் எதையும் நான் மறுபடி கட்ட மாட்டேன். உறுதியில் கையெழுத்துப் போடுமுன் தமிழ் மொழிபெயர்ப்பு என் கைக்கு வர வேண்டும்.

அந்த இடம் வீடு கட்டத் தகுதியில்லை என்று அறிக்கை வந்தால், 15 இலட்சத்தையும் முத்திரைத் தீர்வையையும் நொத்தாரிசுக் கட்டணத்தையும் வட்டியோடு திருப்பித் தாருங்கள். வேறு துண்டு தருகிறோம் என்று போனில் சொன்னீர்கள். அதே காணியில், அதே மாதிரி உறுதியோடு இன்னொரு துண்டு எனக்கு வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில், தமிழில் பதில் தாருங்கள். வராவிட்டால் என் சட்டத்தரணி கோரிக்கைக் கடிதம் அனுப்புவார், அதன் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்வோம். உறுதியின் பிரதி, பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், உங்கள் விளம்பரத் தாள், வெட்டிய மலையின் படங்கள் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
17 ஆம் துண்டை வாங்கியவர்

பிரதி: என் சட்டத்தரணிக்கு