யாருக்கும் நஷ்டமில்லை என்று எப்படி எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கேம் கன்சோல்களை, அதாவது டிவியில் இணைத்து விளையாடும் மெஷின்களை, ஜெயில்பிரேக் செய்வது (கம்பெனி போட்ட பூட்டை உடைத்துக் காப்பி கேமும் ஓடும்படி செய்வது) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பத்தியில் "இதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு கட்டுரையில் மற்றது எதுவும் என் மனதில் நிற்கவில்லை.

நான் 2005 முதல் ஆறு வருடம் மதுரையில் கேம் கடை நடத்தியவன். நான்கு சோனி பி.எஸ்.2 கன்சோல்கள், நான்கிலும் காப்பி டிஸ்க்கை ஓட வைக்கும் சிப். மணிக்கு 20 ரூபாய். ஒரிஜினல் டிஸ்க் வாங்கிக் கட்டுப்படியாகாது. காப்பி டிஸ்க் சென்னை ரிச்சி தெருவில் கட்டுக்கட்டாகக் கிடைத்தது. செய்தேன். அதை நியாயம் என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உட்கார்ந்து பார்த்தது எனக்குத் தெரியும். ஒரு பையன் மூன்று நாள் காசு கொடுத்து விளையாடி வந்த இடத்தில் காப்பி டிஸ்க் உறைந்து நிற்கும். "இந்த கேமே குப்பைண்ணே" என்று எழுந்து போவான். டிஸ்க்தான் குப்பை. கெட்ட பெயர், கேமைச் செய்தவர்களுக்கு.

காசு கொடுத்து வாங்கியவருக்காவது நஷ்டமில்லையா? பி.எஸ்.3-ல் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைப் போட்டு ஓட்டும் வசதி இருந்தது. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற அமெரிக்க ஹேக்கர் பி.எஸ்.3-ன் பாதுகாப்பை உடைத்ததாக அறிவித்தார். ஏப்ரல் 1 அன்று சோனி ஒரு அப்டேட்டில் அந்த வசதியையே எடுத்துவிட்டது. அப்டேட் போடாவிட்டால் ஆன்லைன் கிடையாது. லினக்ஸுக்காகவே அதை வாங்கிய, எந்தத் தப்பும் செய்யாத ஆட்கள் இரண்டில் ஒன்றை இழந்தார்கள்.

என் வீட்டிலும் நடந்தது. போன வருடம் மகளுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு கன்சோல் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இணைத்தால் ஆன்லைன் கடை திறக்கவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் ஹேக் செய்திருந்தாராம். அந்த மெஷினையே கம்பெனி தடை செய்துவிட்டது. அவள் அதில் வாங்க ஆசைப்பட்டது 'வெண்பா'. டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்த கேம். கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, ஆவி போகும்படி இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்க வேண்டிய ஒரு கட்டம். கடைசியில் கம்ப்யூட்டருக்குத்தான் வாங்கினேன். அவள் பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை மாற்றி வைக்கச் சொன்னார். இப்படி ஒரு கேமைச் செய்கிறவர்கள் கோடிகளில் புரள்கிறார்களா, ஐயா? அவர்களுக்கு ஒவ்வொரு பிரதியும் கணக்கு.

2024-ல் அதே 'வெண்பா' பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியபோது உங்கள் இதழில் ஒரு வரி வரவில்லை. அப்போதே எழுதினேன். அந்தக் கடிதமும் வரவில்லை. வீடியோ கேம் என்றால் உங்கள் பக்கங்களில் பிள்ளைகள் கெட்டுப்போகும் கதை மட்டும்தான் வருகிறது. சினிமா என்றால் வேறு. திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் போடலாம் என்று 2004-ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியதே, நீங்கள் அறியாததல்ல. சினிமாவில் திருட்டு, கேமில் மட்டும் நஷ்டமில்லையா?

பழைய கேம்களைக் காப்பாற்ற ஹேக்கிங் வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அது சரி, ஒத்துக்கொள்கிறேன். 2023 மார்ச்சில் நிண்டெண்டோ கம்பெனி தன் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளை மூடிய பிறகு, காசு கொடுத்தாலும் வாங்க முடியாத கேம்கள் இருக்கின்றன. அதற்காகப் பேசுங்கள், நானும் கூட வருகிறேன். போன மாதம் வெளிவந்ததை இறக்கி விளையாடுவது அதில் சேராது. அப்புறம், ஹேக்கர்கள் எல்லோரும் சேவை செய்பவர்களும் இல்லை. டீம் எக்ஸிக்யூட்டர் என்ற கும்பல் கன்சோலை உடைக்கும் கருவிகளைக் காசுக்குத்தான் விற்றது. அதில் ஒருவருக்கு 2022-ல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். முடிந்தால், செகண்ட் ஹேண்ட் கன்சோல் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் ஆன்லைன் கடை திறக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தியும் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
இருபது வருட வாசகன்,
மதுரை.