ஆண்டிஸ் மலையடியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகள் கயலுக்கு,

உன் மடல் கிடைத்தது. சிலியின் தலைநகர் சான்டியாகோவில் வெளிச்சம் வந்து வெகுநேரம் ஆன பின்னும் சூரியன் மலைக்குப் பின்னாலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நம் தென்காசியில் மாலையில் மேற்கு மலைக்குப் பின்னால் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுவதை நினைத்துக்கொண்டேன்.

முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவன் நான். ஆண்டிஸ் என்றால், நிலத்தின் மேல் உள்ள மலைத்தொடர்களில் மிக நீளமானது, ஏறத்தாழ 7,000 கி.மீ., வெனிசுவேலாவில் தொடங்கி கொலம்பியா, எக்வடோர், பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா என ஏழு நாடுகள், உச்சி 6,961 மீட்டர் உயரமுள்ள அகோன்காகுவா என்று ஒப்பித்துவிட்டு, வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இழுக்கச் சொல்வேன். நீளத்தைக் கற்பித்த நான் உயரத்தைக் கற்பிக்கவில்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைக்கிறது.

ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் 1802-இல், இன்றைய எக்வடோரில் உள்ள சிம்போராசோ மலையில் ஏறினார், உச்சியை எட்டவில்லை. ஆனால் அந்த மலையை நெடுக்கே அறுத்ததுபோல் ஒரு படம் வரைந்து, எந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறது என்று அதிலேயே எழுதி வைத்தார். அந்தப் படத்தை நான் வகுப்பில் ஒருநாளும் காட்டியதில்லை.

அவர் வரைந்ததை மலைமக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்து பார்த்திருந்தார்கள். தாழ்ந்த பள்ளத்தாக்கில் மக்காச்சோளம், அதற்கு மேலே உருளைக்கிழங்கு, பயிர் ஏறாத இடத்தில் லாமாவும் அல்பாக்காவும் மேயும் புல்வெளி என்று ஒரே ஊரார் பல உயரங்களில் நிலம் வைத்திருந்தார்கள். ஜூன், ஜூலை மாத உறைபனி இரவுகளில் கிழங்கைத் தரையில் பரப்பி வைப்பார்கள். உறைந்து இளகியதை மறுநாள் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவிடுவார்கள். சூன்யோ என்னும் இந்த வற்றல் ஆண்டுக்கணக்கில் கெடாது. உன் அம்மா மொட்டை மாடியில் வெயிலை மட்டும் நம்பி வற்றல் போடுகிறாள். அவர்களுக்குப் பனியும் கூடமாட வேலை செய்கிறது.

இந்த உயரம் வந்த விதத்தை டார்வின் உன் ஊர்ப்பக்கத்திலேயே கண்டார். பசிபிக் கடலடியில் உள்ள நாஸ்கா என்னும் பாறைத் தட்டு, கண்டத்தைத் தாங்கும் தென் அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைவதால் மலை எழுகிறது என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. 1835 பிப்ரவரியில் சிலியில் பெரும் நிலநடுக்கத்தை உணர்ந்து, கடற்கரை மேலெழுந்திருந்ததையும் பார்த்தவர், அடுத்த மாதம் சான்டியாகோவிலிருந்து மலையைக் கடந்தபோது, உயரத்துப் பாறைகளில் கடற்சிப்பிகளைக் கண்டார். 1960-இல் வால்டிவியாவை உலுக்கிய 9.5 அளவு நிலநடுக்கமும் அதே தட்டு நுழைந்ததன் விளைவுதான். இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை; நீயும் சொல்லாதே.

எல்லை வகுத்தவர்களும் என்னைப் போலவே மலையை ஒற்றைக் கோடாக எண்ணி ஏமாந்தார்கள். நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த முகடுகளே எல்லை என்று சிலியும் அர்ஜென்டினாவும் 1881-இல் ஒப்பந்தம் செய்தன. தெற்கே போனால், முகடுகளுக்குக் கிழக்கே பிறக்கும் சில ஆறுகள் மலையை ஊடறுத்துப் பசிபிக்கில் சேர்கின்றன. ஆகவே உயர்ந்த முகடு ஓரிடம், ஆறுகள் இருபுறமாகப் பிரியும் நீர்ப்பிரிவு வேறிடம். சிலி நீர்ப்பிரிவைக் கேட்டது, அர்ஜென்டினா முகட்டைக் கேட்டது. போர் மூளும் நிலை வந்து, 1902-இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது. 1904-இல், பழைய பீரங்கிகளை உருக்கி வார்த்த கிறிஸ்து சிலையை எல்லைக் கணவாயில் நிறுவினார்கள்.

டிசம்பரில் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவின் மென்டோசாவுக்குப் பேருந்தில் போகப்போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே அது கோடைக்காலம் என்பதால் பாதையைப் பனி அடைத்திருக்காது. இப்போது வண்டிகள் சுரங்கப்பாதை வழியே போய்விடுவதால், மேலே உள்ள சிலை உன் கண்ணில் படாது. பகல் வண்டியில், சன்னலோரமாக உட்கார்ந்து போ. அடிவாரத்துக் கள்ளிகள் எந்த இடத்தில் நின்றுபோகின்றன, அதற்கு மேல் புதர் எதுவரை வருகிறது என்று கைப்பேசி காட்டும் உயரத்தோடு குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா