திருத்தம் எங்கள் கைக்கும் வரட்டும்

மது உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுக்கூடத்துடன் கூடிய உணவகம் ஒன்றில் உரிமக் கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அண்மையில் ஆய்வுக்கு வந்த அலுவலர் இருப்புப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “வாரக் கணக்கு எங்கே?” என்று கேட்டார். மாதக் கணக்கு வாரக் கணக்காக மாறி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. அரசிதழைத் தேடி எடுத்தேன். “‘மாதந்தோறும்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘வாரந்தோறும்’ எனக் கொள்க” என்று ஒரே வரி இருந்தது. எந்த விதியில், எந்தப் பதிவேட்டுக்கு என்று அறிய, முந்தைய நான்கு திருத்தங்களையும் மேசையில் பரப்பி ஒட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அபராதம் கட்டிவிட்டோம். அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மது விற்கும் இடத்தில் கண்டிப்பு இருந்தே ஆக வேண்டும். ஆனால் கீழ்ப்படிய வேண்டியவனுக்கு விதி முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மதுக்கூடமுள்ள ஓட்டல்களுக்கும் அது பொருந்தும் என்ற விளக்கம் 2017 மார்ச் 31 அன்று வந்தது, மறுநாளே அமல். சிற்றூர்களுக்கு 220 மீட்டர் என்ற தளர்வும் அன்றுதான். நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கான விளக்கத்துக்கு ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாதென்ற 1979-ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாட்களிலேயே மீண்டும் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் கல்லாவில் நின்ற ஊழியர், எதிரே நிற்கும் பெண்ணுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்?

முறையாகச் செய்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் மது பரிமாறுவோருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தனை ஆண்டுகளை நாங்கள் கேட்கவில்லை. முப்பது நாள் போதும்.

திருத்தம் வெளியாகும் அன்றே உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். ஒரு வரியைத் தனியே அனுப்பாமல், திருத்திய விதியை முழுமையாக அனுப்புங்கள். நடைமுறைக்கு வரும் தேதி மேலேயே இருக்கட்டும். மது ஊற்றிக் கொடுக்கும் ஊழியர் படிக்கும் மொழியிலும் ஒரு பிரதி வேண்டும். வயதுச் சான்று கேட்பவரும் நேரம் முடிந்ததும் கடையை அடைப்பவரும் அவர்தான். உரிமம் புதுப்பிக்கும்போது எங்கள் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தவறாமல் வாங்கிக்கொள்கிறீர்கள். அவற்றுக்கே அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓர் உரிமக் கோப்பாளர்